நீகேப், பலகை, இருபது நிமிடப் பயிற்சி: பிள்ளைகளின் ஜவ்வுக்கு எது காவல்?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று தொடங்கிப் பொங்கல் கபடி முடியும்வரை பிள்ளைகளுக்கு ஓய்வே இருக்காது. பிசியோதெரபி அறைக்கு வீங்கிய முழங்காலோடும் கணுக்காலோடும் அவர்கள் அதிகம் வருவதும் அந்த மாதங்களில்தான். பெரும்பாலும் 13 முதல் 17 வயது. எப்படி ஆச்சு என்று கேட்டால் பதில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: "யாருமே இடிக்கலை சார். சும்மா திரும்புனேன், முட்டிக்குள்ள டப்புன்னு சத்தம் கேட்டுச்சு."

கூட்டி வரும் பி.டி. மாஸ்டருக்கோ அப்பாவுக்கோ அடுத்த கவலை மற்ற பிள்ளைகளைப் பற்றி. பழைய மாணவர்களோ ஊர்ப் பெரியவரோ கொடுத்த பணம் கொஞ்சம் கையில் இருக்கும். அதில் எல்லோருக்கும் நீகேப் எடுக்கலாமா, ஆங்கிள் சப்போர்ட் எடுக்கலாமா, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் அந்த ஆடும் பலகை வாங்கலாமா, யோகா மாஸ்டரை வரச் சொல்லலாமா என்று யோசிப்பார்கள். எதையும் வாங்காமல் வார்ம் அப்பை மட்டும் மாற்றுங்கள் என்று நான் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் என் முடிவு அதுதான். மற்றவை வீண் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு. அந்த இடம் எது என்று பார்த்துவிட்டால் பணமும் மிஞ்சும், முழங்காலும் தப்பும்.

ஜவ்வு கிழிகிற நேரம்

முதலில் காயம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகக் கட்டிப் போட்டிருக்கிற ஜவ்வுதான் ஏசிஎல். கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும் முழங்கால் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. இது கிழிகிற சம்பவங்களில் பத்தில் ஏழில் எதிராளி முழங்காலில் மோதியே இருக்க மாட்டார். ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது, ஓடி வந்து சட்டென நிற்கும்போது, ஊன்றிய காலில் உடம்பைத் திருப்பும்போது, முட்டி அதிகம் மடங்காமல் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். வாலிபாலில் ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்கும் பிள்ளையும், போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு உடம்பைத் திருப்பும் கபடி ரைடரும் தினமும் பலமுறை இந்த நிலைக்குப் போய்த் திரும்புகிறார்கள்.

ஆட்ட வீடியோக்களில் இப்படிப்பட்ட காயங்களைப் படம் படமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். பாதம் தரையைத் தொட்டதில் இருந்து சுமார் 40 மில்லி விநாடியில் ஜவ்வு கிழிந்துவிடுகிறது. ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பாதம் தவறாக ஊன்றிவிட்டது என்று உணர்ந்து, தசை இறுகி, முட்டியைத் தாங்கிப் பிடிக்க இந்த நேரம் போதாது. ஆகவே தொடைத் தசைகள் கால் காற்றில் இருக்கும்போதே தயாராகியிருக்க வேண்டும். இருட்டில் படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால், சமதரையில் முழங்கால் வரை அதிருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தரை எங்கே இருக்கும், எவ்வளவு வேகத்தில் வரும் என்று உடம்பு ஒரு கணக்குப் போட்டுத்தான் காலை இறக்குகிறது. கணக்கு சரியாக இருந்தால் நமக்கு எதுவும் தெரிவதில்லை.

இந்தக் கணக்குக்கு வேண்டிய தகவல் பாதத் தோல், தசை, மூட்டு, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, கண் எல்லாவற்றிலும் இருந்து வருகிறது. ஜவ்வுக்குள்ளேயே உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன. அதனால்தான் ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் திரும்பத் திரும்பச் சுளுக்குகிறது. பிடிமானத்தோடு சேர்ந்து, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வும் மங்கிப் போகிறது.

வளரும் வயதில் இன்னொரு சங்கடம். ஒரே வருடத்தில் கால் எலும்பு மளமளவென்று நீண்டுவிடுகிறது. மூளை பழைய நீளத்துக்குப் பழகிய கணக்கையே கொஞ்ச காலம் போடுகிறது. போன வருடம் அழகாக விளையாடிய பிள்ளை இந்த வருடம் தடுமாறினால் கவனக் குறைவு என்று திட்டாதீர்கள். இந்தக் கட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு உயரத்தோடு தசை பலமும் வேகமாகக் கூடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்த அளவுக்குக் கூடுவதில்லை, இடுப்பு அமைப்பும் மாறுகிறது. ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு இரண்டு முதல் எட்டு மடங்கு என்று ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபட்டு வருகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தும் நம் பள்ளிகளில் பெண்கள் அணிக்குப் பயிற்சி நேரம் குறைவாகத்தான் கிடைக்கிறது. ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்சம் இருக்கும் மைதானத்தில், மிச்சம் இருக்கும் வெளிச்சத்தில், வார்ம் அப் கூட இல்லாமல் நேராக ஆட்டம். இது மாற வேண்டும்.

நீகேப், ஆங்கிள் சப்போர்ட், டேப்

கடையில் கிடைக்கும் இழுவைத் துணி நீகேப் ஏசிஎல் கிழிவதைத் தடுக்காது. முட்டிக்கு வெதுவெதுப்பும் இறுக்கமான உணர்வும் தரும், செம்மண்ணில் விழுந்தால் சிராய்ப்பைக் குறைக்கும். அவ்வளவுதான். உடம்பின் முழு எடையும் திருகலும் ஒரு மூட்டில் இறங்கும்போது ஒரு துணி உறையால் தாங்க முடியாது. அணி முழுவதற்கும் நீகேப் எடுத்துக் கொடுத்தால் காவல் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். எனக்குப் பயம் அந்த நம்பிக்கைதான்.

கணுக்கால் விஷயம் வேறு. கயிறு கட்டி இறுக்கும் ஆங்கிள் சப்போர்ட்டுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துப் பிள்ளைகள் 1,460 பேரிடம் ஒரு சீசன் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், இதை அணிந்தவர்களிடம் கணுக்கால் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அதே ஆய்வில் முழங்கால் காயத்தில் மாற்றம் எதுவும் இல்லை. கட்டிய மூட்டுக்கு மட்டும்தான் அது காவல்.

ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு ஆங்கிள் சப்போர்ட் உறை நல்லதா, பயிற்சி நல்லதா என்று நெதர்லாந்தில் நேரடியாகவே ஒப்பிட்டிருக்கிறார்கள். 340 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஒரு வருடம் ஆடும்போதெல்லாம் உறை அணிந்தது. ஒரு குழு எட்டு வாரம் வீட்டில் சமநிலைப் பயிற்சி செய்தது. மூன்றாவது குழு எட்டு வாரத்துக்கு இரண்டையும் சேர்த்துச் செய்தது. அந்த வருடத்தில் மறுபடி சுளுக்கியவர்கள் உறைக் குழுவில் 15 சதவீதம், பயிற்சிக் குழுவில் 27, இரண்டும் செய்த குழுவில் 19. பயிற்சியையே உயர்த்திப் பேசும் எனக்கு இது கசப்பான எண்தான். ஆனால் எண் எண்தான். போன வருடத்தில் கணுக்கால் சுளுக்கிய பிள்ளைக்கு ஆங்கிள் சப்போர்ட் வாங்கிக் கொடுங்கள். ஒரு வருடமாவது ஆட்டத்தின்போது போட்டுக்கொள்ளட்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இந்த உறை ஷூவுக்குள் இருந்தால்தான் நன்றாக உட்காரும். மண்ணில் வெறுங்காலோடு கபடி ஆடும் பிள்ளைக்கு அது நழுவிக்கொண்டே இருக்கும். வாலிபால், கூடைப்பந்து, மேட் கபடி ஆடும் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். டேப் ஒட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். அரை மணி நேரம் ஓடி வியர்த்தால் அதன் பிடிப்பு கணிசமாகத் தளர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுச் சுருள் வேண்டும், ஒட்டத் தெரிந்த ஆளும் வேண்டும். பள்ளி அணிக்கு அது கட்டுப்படியாகாது.

ஆடும் பலகை

அடியில் அரைவட்டக் குமிழ் வைத்த பலகையில் நின்று தடுமாறாமல் சமாளிப்பது. பார்க்க நன்றாக இருக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். நம் தச்சர்களே பிளைவுட்டில் செய்து கொடுத்துவிடுவார்கள். இதைப் பற்றிய ஆய்வுகள் மட்டும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. இத்தாலியில் 600 கால்பந்து ஆட்டக்காரர்களை மூன்று சீசன் பார்த்து 1996இல் வந்த ஆய்வு, பலகைப் பயிற்சியால் ஏசிஎல் காயம் வெகுவாகக் குறைந்ததாகச் சொன்னது. உலகம் முழுக்கப் பலகை பிரபலமானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நான்கு வருடம் கழித்து ஸ்வீடனில் பெண் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு வீட்டில் செய்யப் பலகை கொடுத்துப் பார்த்தார்கள். கால் காயங்கள் குறையவில்லை.

வாலிபால் மாஸ்டர்கள் கவனிக்க வேண்டியது 2004இல் நெதர்லாந்தில் இருந்து வந்த ஆய்வு. வாலிபால் அணிகளில் பலகைப் பயிற்சி கொடுத்தபோது, முன்பே கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு மறு சுளுக்கு குறைந்தது. ஆனால் முன்பே முழங்கால் தொந்தரவு இருந்தவர்களுக்கு முழங்கால் வலி கூடியது. ஆகவே ஸ்மாஷ் அடித்து அடித்து முட்டி வலிக்கிறது என்கிற பிள்ளையைப் பலகையில் ஏற்றாதீர்கள்.

பலகையின் இடம் சிகிச்சை அறை. சுளுக்கிய கணுக்காலுக்கு உணர்வைத் திரும்பக் கொண்டுவர அது நல்ல கருவி. முப்பது பேர் கொண்ட அணிக்கு இரண்டு பலகை வாங்கினால் இருபத்தெட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதோடு ஆட்டத்தில் தரை ஆடுவதில்லை, உடம்புதான் வேகமாக வந்து தரையில் இறங்குகிறது. பலகையில் கற்றது அப்படியே குதித்து இறங்குவதற்குக் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

யோகாவும் சிலம்பமும்

யோகாவில் ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்கள் கவனத்தையும் பாத பலத்தையும் வளர்க்கும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கால் ஏற்கெனவே ஊன்றியிருக்கிறது, திருத்திக்கொள்ள நிறைய நேரம் இருக்கிறது. ஜவ்வு கிழிவது அந்த மாதிரி நேரத்தில் இல்லை. அசையாமல் ஒரு நிமிடம் நிற்கத் தெரிந்த பிள்ளை ஓடி வந்து நிற்கும்போது முட்டியை உள்ளே விடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சிலம்பம் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. காலடி வரிசையில் எடை ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறுகிறது, பாதம் திரும்பும்போது இடுப்பும் முட்டியும் சேர்ந்து திரும்புகின்றன. ஊன்றிய காலை விட்டுவிட்டு உடம்பை மட்டும் திருப்பினால் ஆசான் பிரம்பால் தட்டுவார். கபடி ரைடருக்கு வேண்டிய பாடம் அதுவேதான். நம் பக்கத்தில் சிலம்ப ஆசான்களுக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் பிள்ளைகளை அனுப்புங்கள். குதித்து இறங்குவதையும் தொடையின் பின்பக்கப் பலத்தையும் மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இருபது நிமிடப் பயிற்சி

நான் அணியின் நேரத்தைப் போடச் சொல்வது இதில்தான். ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வுப் பிரிவு 2006இல் ஆஸ்லோ, சான்டா மோனிகா ஆய்வுக் குழுக்களோடு சேர்ந்து '11 பிளஸ்' என்ற வார்ம் அப் முறையை உருவாக்கியது. 15 பயிற்சிகள், மூன்று பகுதி, மொத்தம் 20 நிமிடம். கருவி என்று எதுவும் வேண்டாம். ஒரு பந்தும் அடையாளத்துக்குச் சில கூம்புகளும் போதும். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் வைத்தாலும் சரி.

நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 1,900 பேரிடம் இதை ஒரு சீசன் சோதித்தார்கள். மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் பாதியை நெருங்கும் அளவுக்குக் குறைந்தன. ஸ்வீடனில் இதே மாதிரியான, ஆனால் முழங்காலை முன்னால் வைத்த 15 நிமிடப் பயிற்சியை வாரம் இருமுறை 12 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 4,500 பேருக்கு மேல் பங்கேற்ற அந்த ஆய்வு 2012இல் வந்தது: ஏசிஎல் காயம் 64 சதவீதம் குறைவு. இந்த வயதுப் பிள்ளைகளிடம், இந்தக் காயத்துக்கு, இப்படி ஒரு பலனை நீகேப்போ பலகையோ காட்டியதில்லை.

பயிற்சிக்குள் என்ன இருக்கிறது? முதல் எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம். நேராக, பிறகு ஒவ்வொரு சில அடிக்கும் நின்று இடுப்பை வெளியே திருப்பி, உள்ளே திருப்பி, துணையைச் சுற்றி வந்து, தோளோடு தோள் இடித்துக் குதித்து. அடுத்த பத்து நிமிடம் பலம், சமநிலை, குதித்தல். முழங்கையை ஊன்றிப் படுத்து உடம்பைப் பலகை போல வைத்திருப்பது. மண்டியிட்டு நிற்கும் பிள்ளையின் கணுக்காலைத் துணை பிடித்துக்கொள்ள, உடம்பை மடக்காமல் மெல்ல முன்னால் சாய்வது. ஒற்றைக் காலில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. ஒற்றைக் காலில் நின்றபடி துணையைத் தள்ளி நிலை குலைக்கப் பார்ப்பது. ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் குதிப்பது. கடைசி இரண்டு நிமிடம் வேகமாக ஓடிச் சட்டெனக் காலை ஊன்றித் திரும்புவது.

இவற்றில் ஒருநாள்கூட விடாமல் செய்ய வேண்டியது அந்த மண்டியிட்டுச் சாயும் பயிற்சி. தொடையின் பின்பக்கத் தசை, கீழ் எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. ஏசிஎல் செய்யும் அதே வேலைக்கு அது துணை. நம் பிள்ளைகள் ஓடி ஓடி முன்பக்கத் தொடையை இரும்பாக்கி வைத்திருப்பார்கள். பின்பக்கம் அதற்கு ஈடாக இருக்காது. முதல் வாரம் தொடை வலிக்கும், பாதிப் பேர் முகம் குப்புற விழுவார்கள். மூன்று நான்கு முறையில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

கபடிக்கு இதை நான் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பேன். தோள் இடித்துக் குதிப்பதோடு, ஒரு கணுக்காலைத் துணை லேசாகப் பிடித்திருக்க மறு காலில் மூன்று விநாடி நிலையாக நிற்பது. போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டித் தொட்டு, ஊன்றிய முட்டி உள்ளே சாயாமல் திரும்பி வருவது. வாலிபாலுக்கு, ஸ்மாஷ் குதிப்பில் இரண்டு காலிலும் இறங்கி இரண்டு விநாடி அப்படியே உறைந்து நிற்பது. கபடியில் பிடிபட்ட கால் மண்ணில் மாட்டியிருக்க மூன்று பேர் மேலே விழும் காயங்களும் உண்டு. அவற்றை எந்தப் பயிற்சியும் முழுதாகத் தடுக்காது.

சொல்லிக் கொடுக்கும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. "முட்டியை 30 டிகிரி மடக்கு" என்றால் பிள்ளைக்குப் புரியாது. "சத்தமில்லாம இறங்கு" என்று சொல்லுங்கள். சத்தம் குறைய வேண்டுமானால் கணுக்கால், முட்டி, இடுப்பு மூன்றும் மடங்கித்தான் ஆக வேண்டும். உடம்பு தானாகவே அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அப்புறம், "முட்டி பாத விரலுக்கு நேரா இருக்கணும்" என்ற ஒன்று. இரண்டு வாக்கியம் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் முதல் இரண்டும் மறந்துவிடும். ஒருவர் செய்ய மற்றவர் பார்த்துச் சொல்லட்டும். அடுத்தவர் முட்டி சாய்வதைக் கண்டுபிடிக்கக் கற்ற பிள்ளை, தன் முட்டி சாய்வதையும் உணரத் தொடங்கிவிடும்.

இருபது நிமிடம் எங்கே இருக்கிறது என்பதுதான் மாஸ்டர்களின் நியாயமான கேள்வி. பி.டி. பீரியடே முக்கால் மணி நேரம்தான், அதையும் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். இப்போது மைதானத்தை இரண்டு மூன்று ரவுண்டு ஓடி, வட்டமாக நின்று பத்து எண்ணி ஸ்ட்ரெச்சிங் செய்கிறார்களே, அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள். நின்ற இடத்தில் இழுத்துப் பிடிக்கும் அந்த ஸ்ட்ரெச்சிங் ஜவ்வுக் காயத்தைக் குறைப்பதில்லை. வாரம் மூன்று நாள் நல்லது, இரண்டுக்குக் கீழே போகாதீர்கள். ஒழுங்காகச் செய்த அணிகளுக்கே காயம் அதிகம் குறைந்தது என்று நார்வே ஆய்வு காட்டுகிறது. போட்டி நாளில் முழுவதும் வேண்டாம். முதல் ஓட்டப் பகுதியும் கடைசி ஓட்டப் பகுதியும் போதும். கால் மளமளவென்று நீளத் தொடங்குவதற்கு முன்பே, ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே பழக்கினால் இன்னும் நல்லது.

யாருக்கு அதிகக் கவனம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. பள்ளி வராந்தாவில் ஒரு அடி உயரப் படி இருக்கும். அதில் இருந்து பிள்ளையை இறங்கச் சொல்லி, தரையைத் தொட்டவுடன் மேலே குதிக்கச் சொல்லுங்கள். முன்னால் இருந்து போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முட்டிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா, உடம்பு ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்தால் போதும். இன்னொன்று: சாக்பீஸ் கோட்டில் ஒற்றைக் காலில் நிற்க வைத்து, மறு காலை முன்னால் எவ்வளவு தூரம் நீட்டித் தொட முடிகிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்த கூடைப்பந்துப் பிள்ளைகளுக்குக் கால் காயம் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது என்று 2006இல் ஒரு அமெரிக்க ஆய்வு கண்டது. யார் காயப்படுவார் என்று ஜோசியம் சொல்ல இதைப் பயன்படுத்த முடியாது. எந்தப் பிள்ளையின் அருகில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். வீடியோவை அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் காட்டுங்கள், குரூப்பில் போடாதீர்கள்.

மிஞ்சிய பணத்துக்கு

சுளுக்கிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்கு ஆங்கிள் சப்போர்ட் வாங்கிய பிறகும் பணம் இருந்தால் மைதானத்தில் போடுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கணுக்காலுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. மண் அடித்து, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டினால் ஒரு சீசனுக்குத் தாங்கும்.

சமமான புதுத் தரையிலும் ஆபத்து உண்டு, அது வேறு வகை. மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். மேட் விரிப்பிலும் செயற்கைத் தரையிலும் பாதம் அப்படியே ஒட்டிக்கொள்ளும், முட்டி மட்டும் திரும்பும். நார்வேயில் ஹேண்ட்பால் ஆடும் பெண்களுக்கு, மரத்தரையைவிடப் பிடிப்பு அதிகமான செயற்கைத் தரையில் ஏசிஎல் காயம் அதிகம் வந்தது. 2025 ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்த ரேஸ்கோர்ஸ் மைதானம் போன்ற இடங்கள் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரிய சந்தோஷம். மண்ணிலேயே ஆடிய அணி மேட் விரிப்புக்கோ டர்ஃபுக்கோ முதல்முறை போகும்போது, போட்டிக்கு முன்பே சில நாள் அங்கே மெதுவாகத் திரும்பிப் பழக விடுங்கள்.

ஷூவைப் பற்றிப் பேசும்போது சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை உதாரணம் காட்டுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடியவர் தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர்தானே என்கிறார்கள். அவர் வெறுங்காலோடு ஓடியது ஷூ வாங்க வசதி இல்லாததால். அந்த வறுமையைப் பயிற்சி முறை ஆக்கக் கூடாது. இருபது நிமிடப் பயிற்சியைச் சுத்தமான தரையில் வெறுங்காலோடு செய்யலாம், பாதத்துக்கு நல்லது. ஆட்டத்துக்குக் காலுக்குச் சரியான அளவில் ஷூ வேண்டும். வளரும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள்.

காயம் பட்டுவிட்டால்

கணுக்கால் பிசகியவுடன் எண்ணெய் போட்டு நீவி விடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. முதல் சில நாட்களுக்கு அழுத்தித் தேய்ப்பதும் இழுத்து விடுவதும் வேண்டவே வேண்டாம். உள்ளே கசியும் ரத்தம் கூடும். கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டு எலும்பின் பின் ஓரத்தை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பு நன்றாக இருந்தால் சில நாட்களிலேயே அசைக்கத் தொடங்கலாம், மாதக் கணக்கில் கட்டுப் போட்டு வைக்கத் தேவையில்லை. பலகைக்கு வேலை வருவது இந்தக் கட்டத்தில்தான்.

முழங்காலில் 'டப்' என்ற சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம், நடக்கும்போது முட்டி வழுவிப் போவது போன்ற உணர்வு. இந்த மூன்றும் சேர்ந்தால் கட்டுக் கட்டும் இடத்துக்குப் போய் நாளைக் கடத்தாதீர்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு மருத்துவர் கையால் சோதித்துப் பார்த்து, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எழுதுவார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிட்டு அடுத்த முடிவை எடுங்கள்.

எல்லாக் கிழிசலுக்கும் உடனே ஆபரேஷன் தேவையா என்பது பெரிய கேள்வி. 18 முதல் 35 வயதுக்காரர்கள் 121 பேரிடம் ஸ்வீடனில் ஒப்பிட்டபோது, முதலில் உடற்பயிற்சி சிகிச்சை செய்து தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன் என்று போனவர்களும், உடனே ஆபரேஷன் செய்தவர்களும் இரண்டு வருட முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பெரியவர்கள். எலும்பு நீள்கிற இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத பிள்ளைக்கு முடிவு வேறாக இருக்கலாம். மறுபடி திரும்பித் திரும்பி ஆடுகிற ஆட்டத்துக்கே போக வேண்டும் என்கிற பிள்ளைக்கும் அப்படித்தான். அதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் எடுக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த பிள்ளையை எப்போது களத்தில் இறக்குவது என்பதில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டம் கிடையாது. நார்வேயில் இப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுபடி காயப்படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மாதக் கணக்கு மட்டும் போதாது. காயப்பட்ட காலின் பலம் மறு காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும், ஒற்றைக் காலில் குதிக்கும் தூரமும் அப்படியே. ஆறாவது மாதத்தில் வலி போய்விடும், பிள்ளை ஓடத் தொடங்கியிருக்கும், அந்த நேரம் பார்த்து மாவட்டத் தேர்வு வரும். "ஒரு மேட்ச் மட்டும் சார்" என்று கேட்பார்கள். அந்த ஒரு மேட்ச்சுக்கு மாஸ்டரும் பெற்றோரும் முடியாது என்று சொல்லிவிட்டு, அணியோடு நின்று இருபது நிமிடப் பயிற்சியின் மெதுவான பகுதிகளை மட்டும் செய்ய விடுங்கள்.